பாசறைக்குள் வணிகன், படலைக்கு வெளியே உடையவன்

"நாட்டைக் காக்க வேண்டும், ஆகவே உன் காணியை விட்டு வெளியேறு" என்று அரசு ஒரு குடிமகனுக்குக் கட்டளையிடுமானால், அவன் கண்ணீரோடேனும் வெளியேறுவான். "உன் காணியில் ஒரு கொம்பனி வாணிபம் செய்ய விரும்புகின்றது, ஆகவே வெளியேறு" என்று கட்டளையிடுமானால், அவன் நீதிமன்றப் படியேறுவான். முதற் காரணத்தைச் சொல்லி அவனை வெளியேற்றிவிட்டு, இரண்டாவது காரியத்தை வேலிக்குள்ளே சந்தடியின்றி நடாத்துவது எவ்வகை நீதி? இந்த ஒரு கேள்வியையே தமிழ் மக்கள் முன்னும், ஆட்சிபீடத்தில் அமர்ந்திருப்போர் முன்னும் இன்று வைக்கின்றோம்.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. உலகின் பெரிய வல்லரசின் கடற்கரையிலும் இஃது எழுந்திருக்கின்றது. அங்கு நடந்ததை முதலிற் பார்ப்போம். பின்னர் நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

அமெரிக்கக் கரையில் எழுந்த வழக்கு

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், பசுபிக் கரையில், வன்டன்பேர்க் என்னும் படைத்தளம் உண்டு. 1941இல் தரைப்படையின் பயிற்சி முகாமாகத் தொடங்கி, 1957இல் விமானப்படையின் கைக்கு மாறி, 2021 முதல் விண்வெளிப்படைத் தளம் என்னும் பெயரைத் தாங்கி நிற்பது அது. அத்தளத்தின் ஏவுமேடையைக் குத்தகைக்குப் பெற்று, ஸ்பேஸ் எக்ஸ் என்னும் தனியார் கொம்பனி ரொக்கெற்றுகளை ஏவி வருகின்றது. ஆண்டுக்கு 36 என்றிருந்த ஏவல்களை 50 ஆக உயர்த்தப் படையினர் முனைந்தனர். மாநிலத்தின் கரையோர ஆணையம் 2024 ஒக்டோபர் 10ஆம் நாள், ஆறுக்கு நான்கு என்னும் வாக்குகளால் இணங்க மறுத்தது.

மறுத்தவர்கள் எழுப்பிய வினா யாது? அந்த ரொக்கெற்றுகளிற் பெரும்பாலானவை சுமந்து செல்வது படையின் பொருளையன்று. அக்கொம்பனி காசுக்கு விற்கும் 'ஸ்டார்லிங்க்' இணைய இணைப்புக்கான செய்மதிகளையே. ஆகவே, கரையோரத்தில் தொழில் நடாத்தும் வேறெந்த வணிகனையும் போல அதுவும் கரையோர அனுமதிப்பத்திரம் பெறட்டும் என்பதே அவர்கள் கேட்டது. படையினர் கூறிய மறுமொழியோ வேறு: எமது தளத்திலிருந்து ஏவப்படுவன எல்லாம் அரசின் கருமங்களே, தனியார் அனுமதி பெறவேண்டிய தேவையில்லை.

ஆணையத்தாரிற் சிலர் அக்கொம்பனி அதிபரின் அரசியலையும் விவாதத்துக்குள் இழுத்தனர். அது பிழை. அதனைக் காரணங்காட்டி அடுத்த சில நாட்களுக்குள்ளேயே கொம்பனி நீதிமன்றஞ் சென்றது. ஆயினும், கேட்டவர் வாய் தவறியது என்பதனால் கேட்ட கேள்வி தவறாகிவிடாது. 2025 ஓகஸ்டில், ஏவல்களை 100 வரை உயர்த்தும் திட்டம் வந்தபோது ஆணையம் மீண்டும் இணங்க மறுத்தது. ஆனால் அந்நாட்டு மத்திய சட்டத்தின்படி, ஆணையம் மறுத்தாலும் படையினர் தம் வழியே செல்லலாம். வணிகனுக்கு வாய்த்த அதிட்டம் இதுதான்: அவன் கடை, சட்டத்தின் கை எட்டாத வளவுக்குள் இருக்கின்றது!

இன்னொன்றையும் கவனிக்க. 1984இல் அமெரிக்கா இயற்றிய வணிக விண் ஏவுதற் சட்டம், அரசின் ஏவுதளங்களைத் தனியார் பயன்படுத்த வழிதிறந்தது. அவர்களிடம் அறவிடப்பட்டது நேரடிச் செலவு மட்டுமே. தளத்தின் பொதுவான பராமரிப்புச் செலவில் ஒரு பங்கையும் அறவிடலாம் என்னும் நிலை, 2023 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டத்தின் பின்னரே வந்தது. ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அச்சுமை குடிமக்களின் வரிப்பணத்தின் மேல் இருந்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை கடல்கடந்த நாட்டிலும் உண்டு.

வணிகன் பாசறையை நாடுவது ஏன்?

ரொக்கெற் ஏவும் வணிகனுக்கு வேண்டுவன எவை? கடலோரம், குடிமனையற்ற பரந்த வெளி, சுற்றுவேலி, காவல், வானிலும் கடலிலும் பிறர் நுழையாதபடி தடுக்கும் அதிகாரம், நூறு பேரிடம் கையெழுத்து வாங்காமல் ஒருவரிடம் பேசி முடிக்கும் வசதி. இவை அனைத்தும் ஒருங்கே கிடைக்கும் இடம் படைத்தளம். அவ்வெளி குடிமனையற்றதாக எவ்வாறு ஆயிற்று என்று வணிகன் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் அந்தக் குடிமனைகளில் வாழ்ந்தவர்களே.

இவ்வாணிபம் நமக்குத் தொலைவிலுள்ளதென்று எண்ணிவிட வேண்டா. வன்டன்பேர்க்கிலிருந்து ஏறும் செய்மதிகளின் 'ஸ்டார்லிங்க்' இணைப்பு 2025 ஜூலையில் இலங்கைக்கும் வந்துவிட்டது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில், சிறிய ரொக்கெற்றுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கென எடுக்கப்பட்ட நிலம் ஈராயிரம் ஏக்கருக்கு மேல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்றுருவம் நோக்கிச் செல்லும் ரொக்கெற் நம் தீவின் மேலாகப் பறத்தலாகாது என்பதற்காக வளைந்து சென்று எரிபொருளை இழக்கின்றது. குலசேகரன்பட்டினத்திலிருந்தோ அது நேரே தெற்கு நோக்கிக் கடலின் மேலாகச் செல்லலாம். அத்தளம் படைத்தளமன்று, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் குடிசார் தளம். ஆயினும் தனியார் கொம்பனிகளுக்கும் அது பயன்படும் என்று அந்நாட்டு அரசே கூறியிருக்கின்றது. விண்வெளி வாணிபம் நம் கடலின் அக்கரைக்கு வந்துவிட்டது என்பதே இதன் பொருள். நாளை அவ்வாணிபமோ, அதுபோன்ற பிறிதொன்றோ இக்கரையில் இடந்தேடுமாயின், அரசு முதலிற் காட்டப்போகும் வெற்றுவெளி எது? சிந்தியுங்கள்.

பலாலி கூறும் பாடம்

பலாலி வானூர்தித்தளம் இரண்டாவது உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. போர் முடிந்தபின் அது குடிமக்களின் விமான நிலையமாயிற்று. 1947 டிசம்பரில் எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து இவ்வழியாகவே சென்னைக்குப் பறந்தது. அக்காலத்தில் ஓடுபாதைக்கு அருகே கமக்காரன் புகையிலையும் வெங்காயமும் நட்டான். துலாவில் நீர் இறைத்தான். விமானமும் பறந்தது, பயிரும் விளைந்தது. ஒன்றுக்கு மற்றொன்று பகையென்று எவரும் கூறவில்லை.

1990 ஜூனில் போர் வலிகாமம் வடக்கு மக்களை ஒருசேர வெளியேற்றியது. பலாலி, வயாவிளான், கட்டுவன், மயிலிட்டி, தையிட்டி, காங்கேசன்துறை என்னும் ஊர்கள் வேலிக்குள் மறைந்தன. அதற்கு 'உயர் பாதுகாப்பு வலயம்' என்று பெயரிட்டனர். அவ்வலயத்தை எதிர்த்து மாவை சேனாதிராசா 2003இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2009 மே மாதத்திற் போர் முடிந்தது, வேலி முடியவில்லை. 2013 ஏப்பிரலில் 6,381 ஏக்கர் காணியை எடுப்பதற்கான அறிவித்தல்கள் வெளியாயின. உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்பது அரசு காட்டிய காரணங்களில் ஒன்று. அவ்வுரிமையாளர்களோ சில மைல் தொலைவில் நலன்புரி முகாம்களில், அதே அரசின் பங்கீட்டு அட்டையோடு இருந்தனர்! ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றஞ் சென்றனர். அதன் பின்னரே, 2015 முதல், காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மீண்டது. வயாவிளான் வழியே பலாலி செல்லும் வீதி 2025 ஏப்பிரலிலேயே, நிபந்தனைகளோடு, திறக்கப்பட்டது. இன்றும் வேலிக்குள் இருக்கும் காணிகள் உள.

இக்காலமெல்லாம் அவ்வேலிக்குள்ளே நடந்தது தனியே காவல்தானா? போரின் பின் காங்கேசன்துறைக் கடற்கரையில் 'தல்செவன' என்னும் உல்லாச விடுதியைப் படையினர் நடாத்தினர். செம்பாட்டு மண்ணிற் படையினர் பயிர்செய்து, விளைந்ததைச் சந்தைப்படுத்தினர். அதே சந்தையில், காணியை இழந்த கமக்காரன் பிறன் காணியைக் குத்தகைக்கு எடுத்து விளைவித்ததை விற்க நின்றான். விமானப்படை 1983இல் தொடங்கிய 'ஹெலிரூர்ஸ்' காசுக்குப் பயணிகளை ஏற்றியது. 2019 ஒக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைக்குப் பயணிகள் விமானம் பறந்தது. கொரோனாவினால் 2020இல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. வேலியே பயிரை மேய்ந்ததென்பர். இங்கு வேலி மேய்ந்ததோடு நில்லாமல் விடுதியும் நடாத்தியது!

சில காலத்துக்கு முன் கொச்சிக்கடையிலுள்ள நமது அலுவலகத்துக்கு வலிகாமம் வடக்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வந்தார். தகப்பன் வழி உறுதியையும், மஞ்சள் பாரித்த நில அளவைப் படத்தையும் மேசைமேல் விரித்தார். மருத்துவத்துக்காகச் சென்னை சென்று பலாலி வழியே திரும்பியவர் அவர். "தம்பி, பிளேன் இறங்கேக்குள்ள என்ரை கிணத்தைக் கண்டன். காசு குடுத்து மேலாலை பாத்தன். நடந்துபோய்ப் பாக்க விடமாட்டினமாம்" என்றார். வாதிக்கும் தொழிலை இருபதாண்டுக்கு மேலாகச் செய்துவரும் நமக்கு அவர் முன் ஒரு சொல்லும் வரவில்லை. டிக்கற் வாங்கியவனுக்குத் திறக்கும் வளவு, உறுதி வைத்திருப்பவனுக்குத் திறவாதாம்!

சட்டம் கூறுவது என்ன?

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் ஒரு தூணின்மேல் நிற்கின்றது. அத்தூண் 'பொதுத்தேவை' என்பதாகும். அத்தேவை யாதென்பதை இரண்டாம் பிரிவின் கீழ் வரும் அறிவித்தலிலேயே வெளிப்படுத்த வேண்டும் என்று மனெல் பெர்னாண்டோ வழக்கில் உயர் நீதிமன்றம் கூறியது. பாதுகாப்புக்கென்று கூறி எடுத்ததை வாணிபத்துக்குக் கொடுப்பது, ஒருவனைச் சாட்சியாக அழைத்து வந்து எதிரியாக நிறுத்துவதை ஒக்கும்.

பத்தரமுல்லையில் நடந்ததை நினைவுகூர்க. பொதுத்தேவைக்கென்று எடுக்கப்பட்ட காணி, தனியார் கொம்பனியின் கோல்ஃப் மைதானத்துக்குக் கைமாறியது. 'வாட்டர்ஸ் எட்ஜ்' வழக்கென்று பெயர்பெற்ற அவ்வழக்கில், 2008 ஒக்டோபர் 8ஆம் நாள், உயர் நீதிமன்றம் அக்கைமாற்றத்தைத் தள்ளுபடி செய்தது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டுமென்றும் கட்டளையிட்டது. ஆட்சியாளன் பொதுச்சொத்தின் உடைமையாளனல்லன், நம்பிக்கைப் பொறுப்பாளனே என்பது அத்தீர்ப்பின் சாரம். பத்தரமுல்லைக்கு ஒரு நீதி, பலாலிக்கு ஒரு நீதியா?

இதனினும் கூர்மையான ஓர் ஆபத்து உண்டு. அதைக் கமக்காரர்கள் குறிப்பாக அறிந்திருத்தல் வேண்டும். எடுத்த காணியை உடையவனுக்கு மீள ஒப்படைப்பதற்கு 1979இல் 39அ என்னும் பிரிவு சட்டத்திற் சேர்க்கப்பட்டது. டி சில்வா எதிர் அத்துக்கோரளை வழக்கில், 1993இல், அப்பிரிவு அமைச்சருக்குத் தருவது விருப்பம்போல் ஆளும் அதிகாரமன்று, பொறுப்போடு கூடிய அதிகாரம் என்று உயர் நீதிமன்றம் விளக்கியது. ஆனால் அப்பிரிவுக்கு நான்கு நிபந்தனைகள் உள: நட்டஈடு கொடுபட்டிருத்தலாகாது, காணி பொதுத்தேவைக்குப் பயன்பட்டிருத்தலாகாது, காணியில் அபிவிருத்தி எதுவும் செய்யப்பட்டிருத்தலாகாது, உடையவர் அதனை உடனே ஏற்க எழுத்தில் இசைய வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையை மீண்டும் படியுங்கள். முறைப்படி எடுக்கப்பட்ட ஒரு காணியில் விடுதியொன்று எழும்பினால், பண்டகசாலையொன்று எழும்பினால், நாளை ஓர் ஏவுமேடை எழும்பினால், அவ்வொரு கட்டடத்தாலேயே மீட்சியின் கதவு அடைபடக்கூடும்! எடுக்கப்படாமலே வேலிக்குள் கிடக்கும் காணிக்கோ இன்றும் உரித்து உடையவனிடமே உண்டு, ஆயினும் அங்கும் சீமெந்து எழும்பிய பின்னர், "இத்தனை கோடி செலவிட்ட பின் இடிப்பதா?" என்னும் வாதம் நீதிமன்றத்தில் எழும். ஆகவே பாசறைக்குள் வரும் வணிகன் வெறும் விருந்தாளியல்லன். அவன் நாட்டும் ஒவ்வொரு கல்லும் உடையவனின் உறுதிமேல் நாட்டப்படும் கல்.

மறுப்போருக்கு மறுமொழி

"விமான நிலையம் வேண்டாமா? அபிவிருத்தியை எதிர்க்கின்றீரா?" என்று சிலர் கேட்பர். விமான நிலையம் வேண்டும். சென்னைக்கும் திருச்சிக்கும் நம்மவர் நேரே பறக்க வேண்டும். ஓடுபாதையின் பழைய காணியை மீளத் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. விஞ்ஞானத்துக்கும் நாம் பகைவரல்லர். திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் ரொக்கெற் ஏவ இடம்வேண்டியபோது, விக்கிரம் சாராபாய் ஆயரிடம் சென்றார். ஆயர் தேவாலயத்திற் கூடிய மீனவ மக்களிடம் கேட்டார். அவர்கள் கோயிலையே கொடுத்தனர். அங்கும் மக்கள் இடம்பெயர்ந்தனர், துன்பமும் உற்றனர். ஆயினும் அங்கே கேட்டனர். இங்கே நம்மிடம் கேட்டவர் யார்?

"படைத்தளத்தின் சும்மாவிருக்கும் இடத்தைப் பயன்படுத்தி அரசு வருவாய் ஈட்டினால் நட்டம் என்ன?" என்று வேறு சிலர் வாதிப்பர். சும்மாவிருக்கும் இடமா? நன்று! படைக்குத் தேவையில்லை என்பதை நீவிரே ஒப்புக்கொண்டீர். படைக்குத் தேவையில்லையெனின் அஃது உடையவனுக்குரியது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாற உமக்கு உரிமை தந்தவர் யார்?

"பாதுகாப்பு அபாயம் இன்னும் உண்டு" என்பது மூன்றாவது வாதம். அந்நிய நாட்டுப் பயணி பெட்டியோடு இறங்கலாம், கொம்பனி ஊழியன் அட்டையைக் காட்டி உள்நுழையலாம், எழுபது வயதுக் கமக்காரன் மண்வெட்டியோடு நுழைந்தால் மட்டும் நாட்டின் பாதுகாப்புக் குலையுமெனின், அது பாதுகாப்பன்று, பாரபட்சம்.

நாம் கேட்பவை

நாம் கேட்பவை ஐந்து. முதலாவது, படைத்தளங்களுக்குள் வாணிபஞ் செய்யும் நிறுவனங்கள் எவை, எந்தக் காணியில், எந்த ஒப்பந்தத்தின் கீழ், என்ன வாடகைக்கு என்பதை அரசு பாராளுமன்றத்தில் வெளியிடுதல் வேண்டும். இரண்டாவது, வாணிபத்துக்குத் திறக்கப்பட்ட எந்தத் துண்டும் பாதுகாப்புக்குத் தேவையற்றதென்றே கருதப்படுதல் வேண்டும். அது தனியார் காணியாயின் மீள வழங்குக. உடையவன் இசைந்தால் அவனோடு குத்தகை எழுதுக. வாடகை அவன் கைக்குச் செல்லட்டும். மூன்றாவது, உரித்துப் பிணக்குத் தீரும்வரை அக்காணிகளிற் புதுக்கட்டடம் எழும்பலாகாது. உடையவன் இசைவின்றிச் செய்த அபிவிருத்தி அவன் மீட்புரிமையைத் தடுக்காதென்று 39அ பிரிவைத் திருத்துக. நான்காவது, பாசறைக்குள் இருந்தாலும் வணிகன் வணிகனே. சுற்றாடற் சட்டமும், தொழிற் சட்டமும், வலிகாமம் வடக்குப் பிரதேச சபையின் வரியும் அவனைக் கட்டுப்படுத்தல் வேண்டும். ஐந்தாவது, வானோ கடலோ வணிகத் தேவைக்காக மூடப்படுமாயின், அன்றைய உழைப்பை இழக்கும் மீனவனுக்கு அவ்வணிகனே ஈடு செலுத்துதல் வேண்டும்.

கமக்காரப் பெருமக்களே! உறுதிகளைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துப் பெருமூச்சு விடுதல் போதாது. உறுதியின் பிரதி, நில அளவைப் படம், மரண உரித்துப் பத்திரம் ஆகியவற்றை இன்றே ஒழுங்குபடுத்துங்கள். பிள்ளைகள் எந்நாட்டிலிருப்பினும் அவர்கள் பெயரும் உரித்தும் எழுத்தில் இருக்கட்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் சட்டத்தரணிகளே, நில அளவையாளர்களே, பொறியியலாளர்களே! வாரத்தில் ஒரு மாலையை இம்மக்களுக்குக் கொடுங்கள். அரசு 'கண்டறிய முடியவில்லை' என்று மீண்டுமொருமுறை எழுதாதபடி, ஒவ்வொரு துண்டுக்கும் உடையவன் பெயரை எழுதிய ஏடொன்றை நாமே ஆக்குவோம்.

படைக்குத் தேவையெனின் அதனை நீதிமன்றத்தின் முன் நிறுவுக. வணிகனுக்குத் தேவையெனின் உடையவனிடம் வந்து கேட்க. வணிகனுக்குப் படலையைத் திறந்துவிட்டு, உடையவனுக்குப் பாதுகாப்பைக் காரணங்காட்டி மூடுவதை இனியும் நாம் பொறுக்கப்போவதில்லை.